மசோதா எண்ணை மட்டும் நம்பாதீர்கள்: காங்கிரஸ் டாட் கவ் தளமும் சட்ட நூலக அறிக்கைகளும்

வெளிநாட்டுச் சட்டங்களைப் படித்துக் குறிப்பு எழுதிக் கொடுப்பது என் வேலை. நான் வழக்கறிஞர் இல்லை. எந்த நாட்டில் என்ன சட்டம் வந்தது, எது திருத்தப்பட்டது, எது இன்னும் மசோதாவாகவே கிடக்கிறது என்று யாராவது கேட்டால் மூல ஆவணத்தைத் தேடிப் பிடித்து, தேதியோடு சொல்ல வேண்டும். இதற்காக நான் அன்றாடம் திறக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் மசோதாக்களைப் பின்தொடர உதவும் காங்கிரஸ் டாட் கவ். இன்னொன்று, அந்தத் தளத்தை நடத்தும் லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் (அமெரிக்க நாடாளுமன்ற நூலகம்) கீழ் இயங்கும் சட்ட நூலகம் வெளியிடும் ஆய்வறிக்கைகள். இரண்டும் இலவசம். படிப்பதற்குக் கணக்கு தொடங்கக்கூடத் தேவையில்லை. ரொம்ப நாளாகப் பயன்படுத்துகிறேன், நிறைய பேர் கேட்கவும் கேட்கிறார்கள், அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு மசோதாவின் கதையைச் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு மசோதாவை எப்படிப் பின்தொடரக் கூடாது என்பதை நான் அதிலிருந்துதான் கற்றுக்கொண்டேன். 2024 மார்ச் 5 அன்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் எச்.ஆர். 7521 என்ற மசோதா அறிமுகமானது (எச்.ஆர். என்பது பிரதிநிதிகள் சபை மசோதாவின் குறி). டிக்டாக் செயலியை அதன் சீன உரிமையாளர் விற்க வேண்டும், இல்லையென்றால் தடை என்பது அதன் சாரம். எட்டே நாளில், மார்ச் 13 அன்று, 352க்கு 65 என்ற வாக்கில் சபை அதை நிறைவேற்றியது. அடுத்தது மேலவையான செனட். அப்போது நான் காசு கட்டி ஒரு கண்காணிப்புச் சேவையை வைத்திருந்தேன் (பெயர் வேண்டாம்), அதில் இந்த எண்ணைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். வாரா வாரம் ஒரு மின்னஞ்சல் வரும், 'செனட்டில் நிலுவை' என்று. அது உண்மையும்கூட. எச்.ஆர். 7521 செனட்டில் நகரவே இல்லை. ஆனால் ஏப்ரல் 24 அன்று அதே சட்டம் கையெழுத்தாகி நடைமுறைக்கு வந்துவிட்டது! எப்படி என்றால், அதே உள்ளடக்கத்தைக் கொஞ்சம் மாற்றி, வெளிநாட்டு உதவி நிதி மசோதாக்களோடு சேர்த்துக் கட்டி, எச்.ஆர். 815 என்ற வேறொரு எண்ணுக்குள் வைத்து நிறைவேற்றினார்கள். அந்த 815 முதலில் எதற்காக வந்தது தெரியுமா? முன்னாள் படைவீரர்களின் அவசர சிகிச்சைச் செலவைத் திருப்பித் தருவது பற்றி. அந்தப் பழைய வாசகம் போய், அதே எண்ணில் முற்றிலும் வேறு சரக்கு ஏறியது. கடைசியில் அது 118-50 என்ற எண்ணுள்ள பொதுச் சட்டமாகி, டிக்டாக் பகுதி அதில் எச் என்ற பிரிவாக உட்கார்ந்திருக்கிறது.

எண் மட்டுமா மாறியது, உள்ளேயும் மாறியது. முதல் மசோதாவில் விற்பனைக்குக் கொடுத்த அவகாசம் 180 நாள். சட்டமானதில் 270 நாள், அதற்கு மேல் ஒருமுறை 90 நாள் நீட்டிக்கும் அதிகாரமும் உண்டு. பழைய மசோதாவை வைத்துக் கணக்குப் போட்டவர்களுக்குக் கெடு அக்டோபரில் முடிந்திருக்கும். உண்மையான கெடு 2025 ஜனவரி 19. அதற்கு இரண்டு நாள் முன்புதான் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. நான் அந்தச் சமயத்தில் ஒருவருக்கு எழுதிய குறிப்பில் 180 நாள் என்றே போட்டிருந்தேன். அவர் வேறெங்கோ பார்த்துவிட்டுக் கேட்டபோதுதான் தேடிக் கண்டுபிடித்துத் திருத்தி அனுப்பினேன். அந்தச் சேவையை அந்த மாதமே நிறுத்தினேன். அதன்பிறகு எல்லாவற்றையும் நேரடியாகக் காங்கிரஸ் டாட் கவ்வில்தான் வைத்துக்கொள்கிறேன்.

சரி, தளத்துக்கு வருவோம். இதற்கு முன்னால் இருந்தது தாமஸ் என்ற தளம். தாமஸ் ஜெஃபர்சன் பெயரில், 1995 ஜனவரியில் தொடங்கியது. 2012 செப்டம்பரில் காங்கிரஸ் டாட் கவ் சோதனை வடிவில் வந்து, 2016 ஜூலையில் தாமஸை மூடினார்கள். இந்த வரலாறு எதற்கு என்றால், பழைய கட்டுரைகளில் தாமஸ் இணைப்புகள் இன்னும் நிறையக் கிடக்கும், அவற்றைப் பார்த்தால் மசோதா எண்ணையும் எத்தனையாவது காங்கிரஸ் (நாடாளுமன்றத்தின் ஒவ்வொரு இரண்டு ஆண்டுக் காலமும் ஒரு காங்கிரஸ்) என்பதையும் குறித்துக்கொண்டு புதிய தளத்தில் தேடுங்கள். எண்ணோடு காங்கிரஸின் வரிசை எண்ணும் சேர்ந்தால்தான் முழு முகவரி. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண்கள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், ஆகவே 'எச்.ஆர். 815' என்று வெறுமனே எழுதினால் அது எந்த 815 என்று யாருக்கும் தெரியாது.

ஒரு மசோதாவின் பக்கத்தைத் திறந்தால் மேலே பெயர், கொண்டுவந்தவர், எந்தக் குழுவில் இருக்கிறது, எந்தக் கட்டம் வரை போயிருக்கிறது என்று ஒரு பட்டை. அதற்குக் கீழே டேப்கள். எல்லோரும் சுருக்கத்தைப் படித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். சுருக்கத்தை எழுதுவது நாடாளுமன்ற ஆய்வுச் சேவையின் (உறுப்பினர்களுக்கு ஆய்வு எழுதித் தரும் அமைப்பு) ஆட்கள், நன்றாகவே எழுதுகிறார்கள், ஆனால் மசோதா வந்த அன்றே சுருக்கம் வந்துவிடாது. சில சமயம் வாரக்கணக்கில் ஆகும். அதைவிட முக்கியம், அந்தச் சுருக்கம் மசோதாவின் எந்தப் பதிப்புக்கு எழுதியது என்று தலைப்பிலேயே போட்டிருப்பார்கள். அதைப் பார்க்காமல் படித்தால் அறிமுக வடிவத்தின் சுருக்கத்தை நிறைவேறிய வடிவத்தின் சுருக்கம் என்று எடுத்துக்கொள்ள நேரும். வாசகத்துக்கான டேப்பிலும் அதே கதைதான்: அறிமுகமானது, குழு திருத்தி அனுப்பியது, ஒரு அவை நிறைவேற்றியது, இரு அவையும் ஒப்புக்கொண்டது, சட்டமானது என்று ஒவ்வொரு வடிவமும் தனித்தனியாக இருக்கும். மேலே ஒரு சின்னப் பெட்டியில் எந்த வடிவம் வேண்டும் என்று நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் எப்போதும் முதல் வடிவத்தையும் கடைசி வடிவத்தையும் தனித்தனியாக இறக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தேதி, தொகை, நாள் கணக்கு, கட்டாயமா விருப்பமா என்று காட்டும் 'வேண்டும்' 'லாம்' ஆகிய இடங்களை மட்டும் முதலில் பார்ப்பேன். பெரும்பாலும் சண்டை அங்கேதான் நடந்திருக்கும்.

இந்தத் தளத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம், யாரும் சொடுக்காத 'தொடர்புடைய மசோதாக்கள்' டேப். ஒரு மசோதாவை ஒத்த வேறு மசோதாக்கள், இன்னொரு அவையில் அதே வாசகத்தோடு வந்திருப்பவை எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும், அந்தத் தொடர்பைக் கண்டு சொன்னது பிரதிநிதிகள் சபையா, செனட்டா, ஆய்வுச் சேவையா என்பதும் பக்கத்திலேயே இருக்கும். நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருக்க வேண்டிய இடம் அதுதான். ஒரு காங்கிரஸில் பத்தாயிரத்துக்கும் மேல் மசோதாக்கள் அறிமுகமாகின்றன, அவற்றில் சட்டமாவது சில நூறுதான். மீதி எல்லாம் வீண் என்று நினைக்க வேண்டாம், அவற்றில் பலவற்றின் பத்திகள் வேறொரு பெரிய நிதி மசோதாவுக்குள் ஏறிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடும்.

அப்புறம் அலர்ட். இதற்கு மட்டும் ஒரு இலவசக் கணக்கு வேண்டும். மசோதா, உறுப்பினர், குழு என்று எதற்கும் மின்னஞ்சல் அலர்ட் வைக்கலாம். ஆனால் நீங்கள் வைக்க வேண்டியது தேடலுக்கான அலர்ட். அதாவது மசோதா எண்ணை விட்டுவிட்டு, அந்த மசோதாவுக்கே உரிய ஒரு சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடி, அந்தத் தேடலைச் சேமித்து, அதற்கு அலர்ட் வைப்பது. டிக்டாக் மசோதாவில் 'வெளிநாட்டு எதிரியின் கட்டுப்பாட்டிலுள்ள செயலி' என்ற பொருள்பட ஒரு வரையறைச் சொல் உண்டு. அதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டுச் சேமித்திருந்தால், அது எந்த எண்ணுக்குள் போனாலும் பிடிபட்டிருக்கும். வரையறைப் பிரிவில் இருக்கும் சொல்லைத்தான் எடுக்க வேண்டும், தலைப்பில் இருப்பதை அல்ல. தலைப்பை மாற்றிவிடுவார்கள், வரையறையை அவ்வளவு சீக்கிரம் மாற்ற மாட்டார்கள். இது எனக்குத் தெரிந்த ஒரே ரகசியம், அதையும் சொல்லிவிட்டேன்.

குறை இல்லையா என்றால் இருக்கிறது. மசோதா அறிமுகமான அன்றே வாசகம் வந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது, அச்சாகி வர ஓரிரு நாளோ அதற்கு மேலோ ஆகும், பெரிய மசோதா என்றால் இன்னும் தாமதம். செய்தியில் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போது தளத்தில் 'வாசகம் இன்னும் பெறப்படவில்லை' என்று இருக்கும். பழைய காலத்துக்குப் போகப் போக விவரம் மெலிந்துகொண்டே போகும். சுருக்கமும் நடவடிக்கைப் பட்டியலும் ஒழுங்காகக் கிடைப்பது 1973 முதல்தான். தேடல் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் வடிகட்டிகளைப் பழகிக்கொள்ளாவிட்டால் முதல் தேடலிலேயே ஆயிரக்கணக்கில் வந்து மலைக்க வைக்கும். நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு 2022 முதல் ஏ.பி.ஐ. (நிரல் மூலம் தகவலை எடுக்கும் வசதி) இருக்கிறது, எனக்கு அது தேவைப்படவில்லை.

இதே தளத்துக்குள்தான் இப்போது நாடாளுமன்ற ஆய்வுச் சேவையின் அறிக்கைகளும் கிடைக்கின்றன. இது 1914இல் தொடங்கிய அமைப்பு. உறுப்பினர்களுக்காக மட்டும் எழுதிக்கொண்டிருந்தது. அரசுப் பணத்தில் எழுதிய அறிக்கைகள், பதிப்புரிமைத் தடையும் கிடையாது, ஆனாலும் பொதுமக்களுக்கு நேரடியாகக் கொடுக்க மாட்டார்கள். யாராவது உறுப்பினரிடம் கேட்டு வாங்க வேண்டும், அல்லது யாரோ வாங்கி வெளியிட்டதைத் தேட வேண்டும். 2018 மார்ச்சில் வந்த நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்து இதைக் கட்டாயமாக்கினார்கள், அதே ஆண்டு செப்டம்பரில் பொதுத் தளம் வந்தது. நூறு ஆண்டுக்கு மேல் பூட்டி வைத்திருந்த அலமாரி! எனக்கு அது உண்மையிலேயே சந்தோஷமான நாள். அறிக்கை எண்ணின் முதல் எழுத்துகளைப் பார்த்தே என்ன வகை என்று தெரிந்துகொள்ளலாம்: ஐ.எஃப். என்றால் இரண்டு பக்கக் குறிப்பு, எல்.எஸ்.பி. என்றால் சட்டப் பிரச்சினை பற்றிய சிறு கட்டுரை, ஆர் என்றால் முழு அறிக்கை. புதிதாக ஒரு விஷயத்துக்குள் நுழைகிறவர்கள் அந்த இரண்டு பக்கக் குறிப்பில் தொடங்கினால் தலையும் வாலும் புரியும். இன்னொன்று, இவர்கள் எந்தப் பரிந்துரையும் செய்வதில்லை. இந்தப் பக்கம் இப்படிச் சொல்கிறார்கள், அந்தப் பக்கம் அப்படி, காங்கிரஸ் விரும்பினால் இன்னின்ன வழிகள் உண்டு என்று நிறுத்திவிடுவார்கள். சிலருக்கு இது சப்பென்று இருக்கும். எனக்கு வேண்டியது அதுதான்.

இப்போது சட்ட நூலகம். 1832இல் தனித் துறையாகத் தொடங்கியது, உலகத்திலேயே பெரிய சட்ட நூலகம். இங்கே பல நாட்டுச் சட்டம் படித்த நிபுணர்கள் இருக்கிறார்கள், ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு நாடு நாடாகப் பதில் எழுதுகிறார்கள். முதலில் ஒப்பீட்டுச் சுருக்கம், பல அறிக்கைகளில் வரைபடம், அப்புறம் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பகுதி. ஆங்கிலத்தில் இருந்தாலும் அடிக்குறிப்பில் அந்தந்த நாட்டு மூல மொழியில் சட்டத்தின் பெயர், அரசிதழ் விவரம் எல்லாம் இருக்கும். எனக்கு அறிக்கையைவிட அந்த அடிக்குறிப்புதான் பெரிய சொத்து. மூல மொழிப் பெயர் கையில் கிடைத்தால் அதைப் போட்டுத் தேடி அந்த நாட்டு அரசிதழுக்கே போய்விடலாம். கூடவே பல இடங்களில் பெர்மா இணைப்பும் கொடுத்திருப்பார்கள், அதாவது அந்தப் பக்கத்தின் நகலை அன்றைக்கே எடுத்து நிரந்தரமாக வைத்த முகவரி. இதன் அருமை தெரிய வேண்டுமென்றால் ஒன்று சொல்கிறேன்: ஹார்வர்டில் செய்த ஓர் ஆய்வில், அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் மேற்கோள் காட்டிய இணைய இணைப்புகளில் பாதி, முதலில் காட்டிய தகவலைக் காட்டவில்லை என்று கண்டார்கள். உச்ச நீதிமன்றத்துக்கே அப்படி என்றால், ஏதோ ஒரு நாட்டு அமைச்சகத்தின் அறிவிப்புப் பக்கம் ஐந்து ஆண்டு கழித்து அங்கேயே இருக்கும் என்று யார் உறுதி கொடுப்பது?

ஓர் அறிக்கையை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். கிரிப்டோகரன்சியை உலக நாடுகள் எப்படி ஒழுங்குபடுத்துகின்றன என்று 2018 ஜூனில் ஒன்று வெளியிட்டார்கள். முழுத் தடை உள்ள இடங்கள் எட்டு, மறைமுகத் தடை உள்ளவை பதினைந்து என்று கணக்கு. 2021 நவம்பரில் அதைப் புதுப்பித்தார்கள், அதில் முழுத் தடை ஒன்பது, மறைமுகத் தடை நாற்பத்திரண்டு. மூன்றரை ஆண்டில் பதினைந்து எப்படி நாற்பத்திரண்டானது என்று பார்த்தால்தான் அறிக்கையின் அருமை தெரியும். நேரடியாக 'தடை' என்று சட்டம் போட்ட நாடுகள் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கின்றன. வங்கிகள் கிரிப்டோ தொழில் செய்பவர்களோடு வரவுசெலவு வைக்கக் கூடாது, இந்தச் சேவையை யாருக்கும் வழங்கக் கூடாது என்று சுற்றி வளைத்துக் கதவைச் சாத்திய நாடுகள்தான் பெருகியிருக்கின்றன. செய்தித் தலைப்பை மட்டும் படிக்கிறவருக்கு இந்த வித்தியாசமே தெரிய வராது, 'தடை செய்த நாடுகள்' என்று இரண்டையும் ஒரே பட்டியலில் கொட்டிவிடுவார்கள். எந்த நாடு எந்த வகை என்று பிரித்து, எந்த விதியின் கீழ் என்று காட்டியிருப்பதால் நான் பல குறிப்புகளில் இதை நம்பி எடுத்திருக்கிறேன்.

ஆனால் தேதி! 2021 நவம்பருக்குப் பிறகு நடந்தது எதுவும் அதில் இல்லை. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு 2022 ஏப்ரலில் பிட்காயினைச் சட்டப்படியான பணமாக அறிவித்தது, எல் சால்வடார் 2025 ஜனவரியில் தன் பிட்காயின் சட்டத்தைத் தளர்த்தியது, இதெல்லாம் அங்கே கிடைக்காது. இதை அவர்கள் மறைக்கவில்லை, எழுதிய தேதி வரையிலான தகவல், அதன்பின் புதுப்பிக்கப்படவில்லை என்று அறிக்கையின் முன்பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள், இது சட்ட ஆலோசனை அல்ல என்றும்கூட. அந்த நாலு வரியைப் படிக்காமல் உள்ளே குதித்து, 'லைப்ரரி ஆஃப் காங்கிரஸே சொல்கிறது' என்று நிகழ்காலத்தில் எழுதுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அறிக்கையின் மேல் தவறில்லை. 'இன்ன தேதி நிலவரப்படி' என்று ஒரு சொல் சேர்த்தால் போதும். செயற்கை நுண்ணறிவு பற்றி 2019 ஜனவரியில் வந்த அறிக்கைக்கும் இதே நிலைதான், நல்ல அறிக்கை, ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் அதற்கு ஐந்து ஆண்டுக்குப் பிறகுதானே வந்தது.

அறிக்கைக்கும் இன்றைய தேதிக்கும் நடுவில் உள்ள இடைவெளியை நிரப்ப அதே நூலகம் குளோபல் லீகல் மானிட்டர் என்று ஒன்றை நடத்துகிறது. ஒவ்வொரு நாட்டிலும் வந்த புதுச் சட்டம், முக்கியத் தீர்ப்பு பற்றிச் சின்னச் சின்னக் கட்டுரைகள். நாட்டின் பெயர், அப்புறம் விஷயம் என்று தலைப்பு இருக்கும். கட்டுரை வெளிவந்த தேதி தனியாக, சம்பவம் நடந்த தேதி கட்டுரைக்குள். இரண்டுக்கும் நடுவே பெரும்பாலும் சில வாரங்கள் இருக்கும். சுடச்சுடச் செய்தி வேண்டுமென்றால் இது ஆகாது. நாலு செய்தித்தாள் நாலு விதமாக எழுதியதை ஒருவர் உட்கார்ந்து மூலத்தோடு ஒப்பிட்டு எழுதித் தந்தால் போதும் என்பவர்களுக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. மின்னஞ்சல் சந்தா உண்டு.

மற்ற தளங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பிரிட்டனின் லெஜிஸ்லேஷன் டாட் கவ் டாட் யூகே (2010 முதல், தேசிய ஆவணக் காப்பகம் நடத்துவது) ஒரு விஷயத்தில் அமெரிக்கத் தளத்தை மிஞ்சுகிறது. பல சட்டங்களை ஒரு குறிப்பிட்ட தேதியில் எப்படி இருந்தது என்று பின்னோக்கிப் பார்க்கலாம், இன்னும் சேர்க்கப்படாத திருத்தம் இருந்தால் மேலேயே எச்சரிக்கையும் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் யூர்லெக்ஸ் 24 மொழிகளில் இருக்கிறது. அங்கே கவனிக்க வேண்டியது, சட்டம் அமலுக்கு வந்த தேதி வேறு, அதன் பிரிவுகள் பொருந்தத் தொடங்கும் தேதி வேறு. செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024 ஆகஸ்ட் 1 அன்று அமலுக்கு வந்தது, ஆனால் தடைசெய்யப்பட்ட பயன்பாடுகள் பற்றிய பிரிவு பொருந்தத் தொடங்கியது 2025 பிப்ரவரி 2 முதல். கடைசிப் பிரிவைப் படிக்காமல் யூர்லெக்ஸை மூடாதீர்கள்.

மதிப்பெண் கேட்டால், காங்கிரஸ் டாட் கவ்வுக்கு ஐந்தில் நாலரை. வாசகம் தாமதமாவதற்காக அரை குறைக்கிறேன். சட்ட நூலக அறிக்கைகளுக்கு ஐந்தில் நாலு. ஒரு நாட்டைத் தேடினால் 'இது பழசு, இதன் பிறகு இந்த மானிட்டர் கட்டுரைகள் வந்திருக்கின்றன' என்று அறிக்கைப் பக்கத்திலேயே காட்டினால் மீதி ஒன்றையும் சந்தோஷமாகக் கொடுப்பேன், இப்போதைக்கு அந்தக் கோர்வையை நாமேதான் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. எனக்கு என்ன வழக்கம் என்றால், ஒரு விஷயம் கைக்கு வந்ததும் முதலில் அறிக்கை, அதன் தேதியை என் குறிப்பின் முதல் வரியில் எழுதுவது, அந்தத் தேதிக்குப் பிறகான மானிட்டர் கட்டுரைகள், அப்புறம் அந்த நாட்டு அரசிதழ். அமெரிக்க விஷயம் என்றால் இரண்டு பக்கக் குறிப்பு, மசோதாவின் கடைசி வடிவம், வரையறைச் சொல்லுக்கு ஒரு தேடல் அலர்ட்.

தேடியும் கிடைக்காவிட்டால் சட்ட நூலகத்தில் நூலகரிடம் கேட்கும் படிவம் ஒன்று இருக்கிறது, யார் வேண்டுமானாலும் கேட்கலாம். 'என் வழக்கில் நான் என்ன செய்ய வேண்டும்' என்று கேட்டால் பதில் வராது, அது அவர்கள் வேலை இல்லை. 'இந்தச் சட்டத்தின் இந்தத் திருத்தம் எந்த அரசிதழில், எந்தத் தேதியில் வந்தது' என்பதுபோல் கேட்க வேண்டும். நாடு, சட்டத்தின் பெயர், நீங்கள் ஏற்கெனவே தேடிய இடங்கள், மூன்றையும் கேள்வியிலேயே எழுதிவிடுங்கள்.